தாது வருஷத்து முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று சில பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் அவற்றைக் காட்ட வழியில்லை. ஆனால் நீங்களே எங்காவது பார்த்திருப்பீர்கள். எலும்பும் தோலுமாக ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஒரு குழுவாகச் சேர்த்து உட்காரவைக்கப்பட்டிருப்பார்கள். கைபேசியில் வந்திருக்கும், பள்ளிக் கண்காட்சி அட்டையில் இருந்திருக்கும். அந்த உடம்புகளை இதற்கு மேல் நான் வர்ணிக்கப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பெரும்பாலும் இந்தப் படங்களுக்குக் கீழே ‘வங்காளப் பஞ்சம், 1943’ என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு. இவை எடுக்கப்பட்டது அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னால், நம் சென்னை மாகாணத்தில். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் அது. நம் ஊர்களில் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலுமாக மாண்டவர்கள், குறைத்துச் சொல்கிற கணக்கிலேயே, ஐம்பது லட்சத்தைத் தாண்டுவார்கள். அத்தனை பேருடைய சாவை அறுபத்தைந்து ஆண்டுகள் தள்ளி, இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். எலும்புக்கூடான இந்தியர் என்றால் யாராயிருந்தால் என்ன, எந்த ஆண்டாயிருந்தால் என்ன என்ற அலட்சியம் இதில் இருக்கிறது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

படங்களில் பலவற்றை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னைக் குதிரைப்படையில் அதிகாரி. புகைப்படக் கலையில் தேர்ந்தவர். அந்தக் காலத்துக் கேமரா என்பது முக்காலி, கண்ணாடித் தகடு, இருட்டு அறை எல்லாம் சேர்ந்த பெரிய ஏற்பாடு. எதிரே இருப்பவர் அசைந்தால் உருவம் கலங்கிவிடும். ஆகவே இந்தப் படங்களில் எதுவும் போகிற போக்கில் எடுத்ததல்ல. நிற்கவே தெம்பில்லாதவர்களைக் கூட்டிவந்து, முன்னே பின்னே அமர்த்தி, அசையாமல் இருக்கவைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். யாருடைய பெயரையும் படத்தோடு எழுதிவைக்கவில்லை. ஒரு படத்துக்குக் கொடுத்த தலைப்பு ‘இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்’ என்ற பொருளில் அமைந்தது.

அந்தத் தலைப்பைக் கேட்டால் இரக்கம் போலத் தோன்றும். அன்றைய அரசாங்கத்தில் அது ஒரு கணக்குப் பிரிவு. உழைக்கத் திராணி உள்ளவன் நிவாரண வேலைக்குப் போக வேண்டும், கல் உடைக்க வேண்டும், மண் வெட்ட வேண்டும். திராணி அடியோடு போனவனுக்கு மட்டும்தான் சும்மா கஞ்சி. சென்னையில் இருப்பவர்கள் தினமும் கடந்துபோகிற பக்கிங்காம் கால்வாயை, பறக்கும் ரயில் தூண்கள் வரிசையாக நிற்கிறதே, அதைப் பாருங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற அந்தத் துண்டை வெட்டியது இந்தப் பஞ்சத்து நிவாரணக் கூலிகள்தான். கால்வாய்க்கு வைத்த பெயர் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது.

கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்தில் பஞ்ச மேற்பார்வைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு! சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை விடாமல் எதிர்த்தார்; அந்த மார்ச்சில் சென்னை அரசு அளவைக் கொஞ்சம் கூட்டியது. இதற்கெல்லாம் முன்பே, 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று டெல்லியில் தர்பார் கூட்டி விருந்து நடத்தியிருந்தார் வைஸ்ராய் லிட்டன். கோதுமையும் பிரிட்டனுக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஹூப்பரின் படச் சட்டகத்துக்குள் இவை எதுவும் வரவில்லை. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிறவனுக்கு, வானம் பொய்த்தது, மக்கள் மெலிந்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அப்படியானால் எடுத்ததே பாவமா? அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. பஞ்சத்துப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து லண்டன் மேயருக்கு வேண்டுகோள் போனது. ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் நிதி திரண்டது. படம் பார்த்து மனம் இளகியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அந்தக் காசில் பிழைத்த உயிர்களை நான் எப்படிக் குறைத்துப் பேசுவேன்?

ஆனால் இதே ஹூப்பரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1886 ஜனவரி, மண்டலே. பர்மிய அரசனை ஆங்கிலேயர் நாடு கடத்தி சில வாரங்களே ஆகியிருந்தன. எதிர்த்தவர்களைக் கொள்ளையர் என்று சொல்லிச் சுட்டுக்கொன்றுகொண்டிருந்தார்கள். ராணுவக் காவலுக்கு அங்கே பொறுப்பாக இருந்தவர் ஹூப்பர். துப்பாக்கிகள் குறி பார்த்து நிற்க, தகட்டில் சரியான கணம் விழுவதற்காகச் சுடும் ஆணையைத் தள்ளிப்போட்டார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் எழுதினார், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்து ஹூப்பர் கண்டிக்கப்பட்டார்.

சாகப்போகிறவனைப் படத்துக்காகக் காக்கவைத்தது கொடுமை என்று லண்டனுக்கு அன்று புரிந்தது. சென்னையில் பசியால் செத்துக்கொண்டிருந்தவர்களைப் படத்துக்காக உட்காரவைத்தபோது அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை. துப்பாக்கிக்கு உத்தரவிட ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். பஞ்சத்தில் அந்த ஆள் கோப்புகளுக்குள் இருக்கிறான். இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கோப்புகளுக்குள் இருப்பவனை வெளியே இழுத்த படங்களும் உண்டு. அதற்கு வங்காளத்துக்கே போகலாம். 1943 ஆகஸ்ட் 22, கல்கத்தா. ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை பஞ்சத்தின் படங்களை வெளியிட்டது. ஆசிரியர் ஐயன் ஸ்டீஃபன்ஸ், ஒரு ஆங்கிலேயர். போர்க்காலத் தணிக்கை விதிகள் எழுத்தைத்தான் கட்டுப்படுத்தின, படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடித்து அதன் வழியே புகுந்தார். கூடவே அரசைத் தாக்கித் தலையங்கமும் தொடர்ந்து எழுதினார். படத்துக்குப் பக்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் இருந்தது. பஞ்சம் இல்லை என்று டெல்லியும் லண்டனும் மழுப்புவது அதன் பிறகு கடினமாயிற்று.

தாது வருஷத்துப் படங்களுக்கு அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கச் செய்வது இன்று நம் கையில்தான் இருக்கிறது. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் நமக்கு அந்நியர் இல்லை. பூட்டனோடும் ஓட்டனோடும் கூடப் பிறந்தவர்களாக இருக்கலாம். 1877இல் பிழைப்புத் தேடி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அவர்கள் விட்டுப்போன தாயாகவோ தம்பியாகவோ இருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தக் கோலத்தில் இருக்கும் படத்தை, ‘அதிர்ச்சிப் படம்’ என்று எழுதி நாலு பேருக்கு அனுப்புவோமா?

ஆசிரியர்களே, பத்திரிகைக்காரர்களே, மலர் தயாரிக்கிறவர்களே, அந்தப் படத்தைப் போட வேண்டுமென்றால் போடுங்கள். சென்னை மாகாணம், 1876–78, எடுத்தவர் ஹூப்பர் என்று சேர்த்துப் போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஒரு பவுண்டுக் கூலியையும் எழுதுங்கள். குழந்தையின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் பெரிதாக்காதீர்கள். நன்கொடை விளம்பரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாது வருஷத்தைப் பற்றி அன்றைக்கே பஞ்சக் கும்மிகள் பாடப்பட்டன. சில அச்சிலும் வந்தன. கேமராவுக்கு முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்த சனம் பாட்டில் வாய் திறந்து பேசியிருக்கிறது: எந்த ஊரில் என்ன விலை, எவன் பதுக்கினான், எதைத் தின்றோம் என்று. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வரி, ஒரு கதை மிச்சமிருந்தால், ஊர்ப் பெயரோடு எழுதி இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்த முறை நான் வாசிக்கிறேன்.

நன்றி, வணக்கம்.