சூலக நீர்க்கட்டி: அளவு மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் மகளிர் நோய் மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், ஸ்கேன் அறிக்கையை உறையிலிருந்து எடுத்து நீட்டும்போதே பெண்களும் அவர்களுடைய தாய்மார்களும் கேட்பது, "நாலு சென்டிமீட்டர் கட்டியாம் டாக்டர், ஆபரேஷன் செய்யணுமா?" என்பதுதான். அச்சம் இயல்பானதே. ஆனால் கட்டி எந்த வகை, பெண்ணின் வயது என்ன, வலி எப்படி வருகிறது என்பவை தெரியாமல் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் மிகுதியாகக் காணப்படுபவை, சூலகத்தின் மாதாந்திர வேலையின்போதே உண்டாகும் கட்டிகள். முட்டை முதிரும் நுண்ணறை ஏறத்தாழ 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்ததும் வெடித்து முட்டையை வெளியேற்ற வேண்டும். வெடிக்காமல் மேலும் நீர் சேர்ந்தால் அது நீர்க்கட்டியாகிறது. வெடித்த பின் எஞ்சும் திசுவுக்குள் நீரோ இரத்தமோ தேங்குவது இன்னொரு வகை. இரண்டுமே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். பலருக்கு அறிகுறியே இருப்பதில்லை. சிலருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மந்தமான வலியோ, மாதவிடாய் தள்ளிப்போவதோ உண்டு. பி.சி.ஓ.டி. என்பது இவற்றில் சேராது. அது ஹார்மோன் கோளாறு. அதில் ஸ்கேனில் தெரிபவை முதிராமல் நின்றுவிட்ட சிறு நுண்ணறைகளே என்பதால், அவற்றை அறுத்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

மாதங்கள் கடந்தும் மறையாத கட்டிகளின் கதை வேறு. டெர்மாய்டு கட்டிக்குள் கொழுப்பும் முடியும், சில வேளைகளில் பல்லும்கூட இருக்கும். முட்டையை உருவாக்கும் மூல உயிரணுக்களிலிருந்து அது தோன்றுவதே இதற்குக் காரணம், செய்வினை அல்ல. சாக்லேட் கட்டியிலோ, கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு சூலகத்தில் வளர்ந்து, மாதந்தோறும் கசியும் இரத்தம் வெளியேற வழியின்றிப் பழுப்பு நிறக் குழம்பாகத் தேங்குகிறது. மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் கடும் வலி, தாம்பத்திய உறவின்போது வலி, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதில் காணப்படும். "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய வலியை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்ட பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. நீரோ சளி போன்ற திரவமோ நிறைந்த சிஸ்டடினோமா வகை, வயிறே உப்பித் தெரியும் அளவுக்கு வளரக்கூடும். சிறுநீர்ப்பை அழுந்துவதால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும்.

ஒருபக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கட்டியின் எடையால் சூலகமே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில், குறிப்பாக டெர்மாய்டில், இதற்கான வாய்ப்பு அதிகம். முறுக்கு சற்றுத் தளர்ந்தால் வலி விட்டு விட்டு வருவதும் உண்டு என்பதால், ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் முறுக்கை நீக்கினால் சூலகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 108-ஐ அழைத்து, எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனை போன்று இரவிலும் அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு நேரே செல்லுங்கள். கட்டி உடைந்து உள்ளே இரத்தம் கசிந்தாலும் திடீர் வலி வரும். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்தால் அதுவும் அவசரமே.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அளவுகோல் வேறு. சில வாரங்களாக நீங்காத வயிற்று உப்புசம், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, பசியின்மை ஆகியவற்றை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீரிலேயே நாளைக் கடத்தாமல் ஸ்கேன் செய்துகொள்வது அவசியம். இவர்களுக்குச் சூலகப் புற்றுநோய்க்கான ஐயம் உண்டா என்று பார்க்க சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனை உதவும். இளம்பெண்களுக்கோ மாதவிடாய் நாள்களிலும், சாக்லேட் கட்டி, கருப்பைத் தசைக்கட்டி ஆகியவற்றாலும் அந்த எண் உயரக்கூடும் என்பதால், அதை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்.

மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், மாதவிடாய் முடிந்த உடனேயே செல்லுங்கள். பிந்திச் சென்றால் அந்த மாதத்தின் புதிய நுண்ணறையே கட்டிபோலத் தெரியக்கூடும். பழைய அறிக்கையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.