காண்டாமிருகத்தை விடுங்க, மணியைப் பாருங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புல இருக்கேன், பொறுத்துக்குங்க. பிரிட்டோரியாவுல நாங்க இருக்கிற ஏரியா லாடியம்; எங்க லாடியம் ஃபேமிலி குரூப்புல பெரியப்பா ஒரு ஃபார்வேர்டு தட்டிவிட்டிருக்காரு. தென்னாப்பிரிக்காவுல 13ஆம் நூற்றாண்டு ராஜ்ஜியம் ஒண்ணு இருந்த மலைதான் மாபுங்குப்வே. அங்க கிடைச்ச தங்கக் காண்டாமிருகப் பொம்மைக்கு ஒரே கொம்பு, ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்துக்கு ரெண்டு, இந்தியக் காண்டாமிருகத்துக்குத்தான் ஒண்ணு, அதனால செஞ்சது தமிழன்தானாம்! கீழ வரிசையா கும்பிடு வேற.

பிரிட்டோரியாவுலயே குடியிருந்துக்கிட்டு பார்க்காம சண்டை போடக்கூடாது இல்லையா? அதான் நேரா ஹாட்ஃபீல்டு, யுனிவர்சிட்டி ஆஃப் பிரிட்டோரியா கேம்பஸ். அந்தக் காண்டாமிருகம் ஒரு சாண் கூட இல்லைங்க. மரத்துல உருவம் செதுக்கி, மேல மெல்லிசா தங்கத் தகடு போத்தி, குட்டிக் குட்டித் தங்க ஆணி அடிச்சிருக்காங்க. மரம் மக்கிப்போச்சு. இப்ப நாம பார்க்கிறது பிஞ்சு கிடைச்ச தகட்டை ஒட்டிச் சீர்பண்ணினது. அதுல கொம்பை எண்ணித்தான் வரலாறு எழுதுவீங்களா?

எனக்குப் பிடிச்சது அங்க இருக்கிற சின்னக் கண்ணாடிப் பாசிமணிதான். இதுக்குன்னே போனுல மாட்டுற மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். கடைக்காரர் 280 ராண்டு சொன்னாரு, நான் 180ல நின்னேன். "அக்கா, வேற எங்கயும் கிடைக்காது"ங்கிறாரு. நான் திரும்பி நடந்தேன், கூப்பிட்டாரு. 200! என் பேரம் வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், நடக்கிற அந்த நாலு எட்டுதான் விஷயமே. ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தா கவரைக் கழட்டினாத்தான் கிளிப்பு உக்காருது. கழட்டினா போன் வழுக்குது. சே!

மாபுங்குப்வேக்கு முந்தின ஊரு கே2, பக்கத்துலயே. சுமாரா கி.பி. 1000லேர்ந்து 1220 வரைக்கும் ஜனங்க இருந்த ஊரு. அங்க கிடைச்ச சின்னக் கண்ணாடி மணிகள்ல நிறைய தென்னாசியக் கண்ணாடின்னு வேதியியல் ஆய்வு சொல்லுது. கண்ணாடியைக் குழாயா இழுத்து, பொடிப்பொடியா நறுக்குற வேலை. நம்ம அரிக்கமேட்டுல இருந்த அதே தொழில்முறை. ஏய், அரிக்கமேட்டு மணின்னு சொல்லல! அரிக்கமேடு கொடிகட்டிப் பறந்த காலத்துக்கும் இதுக்கும் நூத்துக்கணக்குல வருஷம் இடைவெளி இருக்கு. இதையும் வெட்டி ஃபார்வேர்டு ஆக்கிடாதீங்க.

இனிமேதான் சூப்பர் விஷயம். கே2காரங்க அந்த மணிகளை அப்படியே கோத்துப் போட்டுக்கிட்டதோட நிக்கல. களிமண் அச்சுல போட்டு, திரும்ப உருக்கி, நீலப்பச்சையில குண்டு மணியா செஞ்சிருக்காங்க. கடல் தாண்டி வந்த சரக்கு அவங்களுக்கு வெறும் கச்சாப்பொருள்!

அய்யோ, முதல்ல சொல்ல வேண்டியதை விட்டுட்டேன். தங்கம் எப்படி கேம்பஸுக்கு வந்துச்சு? 1932 கடைசியில வான் கிரான்னு ஒருத்தர் கூட்டாளிகளோட மலையேறித் தோண்டியிருக்காரு. அவரு பையன் இந்த யுனிவர்சிட்டியில படிச்சவரு, பேராசிரியர் லியோ ஃபூஷேகிட்ட சொல்லிட்டாரு. 1933ல அந்தத் தங்கம் இங்க வந்து சேர்ந்துச்சு. ஆனா ஜனங்க பார்க்கிற மாதிரி கேம்பஸ்ல மியூசியம் திறந்தது 2000ல! கறுப்பின மக்களோட அரசு 13ஆம் நூற்றாண்டுலயே தங்கம் வச்சிருந்துச்சுங்கிறது அபார்த்தைட்டுங்கிற நிறவெறி ஆட்சிக்கு ருசிக்கல. இப்ப நாமளும் வந்து "நாங்கதான் செஞ்சோம்"னா, அதே வேலையை வேற சட்டை போட்டுச் செய்யுறோம். எனக்கு எரியறது அதுதான், பெரியப்பா.

தங்கத்தோட மனுஷ எலும்புகளையும் எடுத்துட்டு வந்திருந்தாங்க. வாரிசுகள் நாங்கன்னு அந்தப் பக்கத்துச் சமூகங்கள் கேட்டு நின்னு, 2007ல மாபுங்குப்வேக்கே கொண்டுபோய் மறுபடி அடக்கம் பண்ணினாங்க. எந்த மணியைக் காட்டினாலும் எனக்கு இதுதான் பெருசு.

மலைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல, முசினா பக்கம். கைடு இல்லாம மேல விட மாட்டாங்க, முன்பதிவு பண்ணிக்கணும். குளிர்காலத்துல போலாம்னு இருக்கேன், வெயில் எனக்கு ஆகாது. கார்ல ரெண்டு சீட்டு காலி. பெட்ரோல் காசுல பங்கு போடுறவங்க மட்டும் கமெண்ட்ல வாங்க.