ஆடி மாதத்து ஒட்டுத்துணி முகாம்: மூட்டை கட்டுமுன்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையில் அளவுகள் நிறைய வரும். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரிடத்தில் கூடி, ஆளுக்கொரு குயில்ட் தைக்கிற முகாமுக்கு எப்படித் தயாராவது என்பதுதான் பேச்சு. குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்கும் தையல் ஓடியிருக்கும். தஞ்சாவூர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பிள்ளையைப் போட ஒரு விரிப்பு வேண்டும், திவானுக்கு ஒன்று வேண்டும், மார்கழி விடியற்காலைப் பனியில் கும்பகோணத்திலும் போர்வை தேடத்தான் செய்கிறோம். துணிமேல் துணி வைத்துத் தைப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தேர்ச்சீலையும் தொம்பையும் அந்த வேலைதான். தேரில் தொங்குவதைத் தூரத்திலிருந்து பார்ப்போம், மடியில் கிடப்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். அதனால் இங்கே கால் அங்குலம் தவறினாலும் கண்ணில் படும்.

முகாமுக்கு ஆடி மாதம் தோது. முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் காலியாகக் கிடக்கும். ஆடித் தள்ளுபடியில் துணி மலிவு. துவைத்தது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். மார்கழியிலும் மண்டபம் கிடைக்கும், ஆனால் ஈரக்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி வைக்கும், பிறகு எதற்கும் போகாது. ஆடியில் ஒரே தொல்லை காற்று. அம்மியே பறக்கும்போது ஆறரை அங்குலத் துண்டு எந்த மூலை? அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆடி வெள்ளிக்கும் பதினெட்டாம் பெருக்குக்கும் இடிக்காத வாரமாகப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் அந்தச் சனிக்கிழமையில் விழுகிறதா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். துணி வெட்டும் வேலை முழுவதும் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். முகாமில் தையல் மட்டும்தான். இருப்பது ஒன்றோ இரண்டோ வெட்டும் மேசை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் என்றால் சனிக்கிழமை பொழுது அதிலேயே போய்விடும். பேச்சுச் சுவாரஸ்யத்தில் அளவும் தப்பும். அதனால் முந்தைய வாரத்து வேலைதான் இந்த முகாமில் பாதி.

இப்போது அளவுகள். 36 அங்குல அகலம், 48 அங்குல நீளத்தில் ஒரு விரிப்பு. தைத்து முடிந்த பிறகு ஒவ்வொரு சதுரமும் 6 அங்குலம் நிற்க வேண்டும். வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை, மொத்தம் 48. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும், ஆகவே வெட்டும் அளவு ஆறரை. மறுபடி சொல்கிறேன்: தைத்தபின் 6, வெட்டும்போது ஆறரை.

நாலு வகைப் பருத்தித் துணி எடுங்கள், வகைக்குப் பன்னிரண்டு சதுரம். 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியைத் துவைத்தால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 42. அதில் ஆறரை அங்குல அகலத்தில் வெட்டும் ஒரு பட்டைக்கு ஆறு சதுரம் வரும், இரண்டு பட்டையில் பன்னிரண்டும் முடிந்துவிடும். வகைக்கு 40 சென்டிமீட்டர் போதும். 36 பன்னா என்றால் பட்டைக்கு ஐந்துதான் வரும், மூன்று பட்டை வேண்டும், 60 சென்டிமீட்டர் வாங்குங்கள். சுற்றி மடித்துத் தைக்கும் கரைக்கு, 44 பன்னாவில் இன்னொரு 40 சென்டிமீட்டர். அதில் இரண்டரை அங்குலப் பட்டை ஐந்து வெட்டி நீளவாக்கில் இணைத்தால் சுற்றளவு 168 அங்குலத்துக்குப் போக மூலை திருப்பவும் மிச்சம் இருக்கும்.

அடித்துணி ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக 42க்கு 54 இருக்க வேண்டும். கடைத்துணியைவிட பழைய நாலு முழ வேட்டி இதற்கு அருமை. எத்தனையோ துவையல் பார்த்துச் சுருங்கி முடிந்த துணி, மெத்தென்றிருக்கும், ஒட்டுப்போடாமல் ஒரே துண்டில் ஆகிவிடும். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், அது ஊசியையும் கெடுக்கும், குழந்தையின் தோலையும் உரசும். பழைய நூல்சேலையும் ஆகும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இழை விட்ட இடம் தெரிந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். பட்டுத்துணியையும் பருத்தித்துணியையும் முதல் விரிப்பில் கலக்காதீர்கள். திருபுவனம் பட்டில் மிஞ்சிய துண்டு, பழைய கூறைநாட்டுச் சேலை இதெல்லாம் அழகுதான். ஆனால் பருத்தி ஒரு மாதிரி சுருங்கும், பட்டு வேறு மாதிரி சுருங்கும். முதல் துவையலில் மூட்டு மூட்டாகச் சுருக்கு விழும்.

நடுப்பஞ்சு 40க்கு 52. கடையில் ஷீட்டாகக் கிடைக்கும் பருத்திப் பஞ்சோ மெல்லிய பாலியஸ்டர் ஷீட்டோ வாங்குங்கள். நம் ஊருக்கு மெல்லியதே நல்லது, கனமானது தையல் மிஷினிலும் ஓடாது. வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறதே என்று அதைப் பரப்பாதீர்கள். இலவம்பஞ்சின் இழை குட்டை, வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடிக்காது. தலையணைக்குச் சரி. விரிப்பில் போட்டால் நாளடைவில் மூலைக்கு மூலை உருண்டு திரண்டுவிடும். பஞ்சு ஷீட் கிடைக்காவிட்டால் பழைய பருத்திப் போர்வை ஒன்று போதும்.

வாங்கிய துணியை எல்லாம் வெட்டுவதற்கு முன் துவையுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு இவற்றைத் தனித்தனியாக. ஈரமான வெள்ளைத்துணியால் அழுத்தித் தேயுங்கள், நிறம் ஏறினால் சாயம் போகிற துணி. கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். தறியில் ஏறும் முன்போ பிறகோ சாயம் பிடித்து முடிந்த துணியில் உப்பால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சூடான நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒட்டாமல் நிற்கிற சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. நாலு அலசலுக்கும் தெளியாவிட்டால் அந்தத் துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கஞ்சி. நெல் விளைகிற ஊரில் ஸ்பிரே ஸ்டார்ச் வாங்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி நாலு டம்ளர் தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியை முக்கிப் பிழிந்து, அரைஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காகிதம்போல் நிற்கும், வெட்டும்போது இழை சாயாது. வடிகட்டாவிட்டால் பருக்கை ஒட்டிய இடம் இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் கருகும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள், கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது விருந்து. முகாமுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் செய்தால் போதும். விரிப்பு முடிந்ததும் ஒரு துவையலில் கஞ்சி போய்விடும்.

வெட்டுவதற்கு, வட்டக் கத்தி உருளும் ரோட்டரி கட்டரும் அதற்கடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும் இருந்தால் நேரம் மிச்சம். மேட் வெயிலில் வளையும், வளைந்தது நிமிராது. அதைச் சுருட்டாதீர்கள், இஸ்திரி மேசையாக்காதீர்கள், கார் கண்ணாடி ஓரத்தில் வைக்காதீர்கள். கட்டர் இல்லாதவர்கள் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஆனால் மாதிரிச் சதுரத்தைக் காலண்டர் அட்டையில் செய்யாதீர்கள். இருபது முறை பென்சில் சுற்றி வந்தால் அட்டை முனை மழுங்கிவிடும். கடைசியில் வெட்டிய சதுரமும் முதலில் வெட்டியதும் ஒன்றாக இருக்காது. பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டுங்கள், தேயாது.

வெட்டிய சதுரங்களை வரிசைக்கு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் எண் எழுதிய சீட்டு வைத்து ஊக்கு குத்தி, எட்டுக் கட்டாக ஒரு பையில் போடுங்கள். கரைப்பட்டை ஒரு பையில், அடித்துணியும் பஞ்சும் சுருட்டி ஒரு பையில். நிறம் பார்த்து அடுக்குவதற்கு ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றுக்கு வழி என்றேனே, அது இதுதான். சதுரங்களைப் பெட்ஷீட்டில் அடுக்கி ஊக்கு குத்திவிட்டால் பறக்காது. மின்விசிறி சுழன்றாலும் கவலையில்லை. சாப்பாட்டு வேளையில் அப்படியே பாய்போலச் சுருட்டி ஓரமாக வைத்துவிடலாம்.

இனி மிஷின். கால் மிஷினைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏற முடியாது. மோட்டார் மிஷினோ கை மிஷினோதான் பயணத்துக்கு ஆகும். ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணி வைத்து, ஊசியையும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டையும் இறக்கி வைத்து மூடுங்கள். மோட்டார் மிஷினில் மிதியும் அதன் ஒயரும் மிஷினோடு இருக்கின்றனவா என்று புறப்படுமுன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மறந்துபோகிற சாமான்களில் முதலிடம் அந்த மிதிக்குத்தான். போய் இறங்கியதும் நல்ல துணியில் கை வைக்காமல், வேண்டாத துணியில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். வழியில் குலுங்கியதில் எண்ணெய் ஊசித்தண்டில் இறங்கியிருக்கும்.

துண்டு இணைக்க 14ஆம் நம்பர் ஊசி, மூன்றடுக்கு தைக்க 16. ஒவ்வொன்றிலும் இரண்டு உபரி. டெய்லர் கடைப் பெரிய மிஷினின் ஊசித் தலை உருண்டை, வீட்டு மிஷின் ஊசித் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மாற்றி வாங்கிவிட்டால் இரண்டு நாளும் பார்வையாளர்தான். நூல் இந்த விரிப்புக்குச் சுமார் 120 மீட்டர் பிடிக்கும், 200 வைத்துக்கொள்ளுங்கள். அடிநூலுக்கான பாபின்களை வீட்டிலேயே சுற்றி எடுத்துப் போங்கள். பழைய நூலை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், சட்டென்று அறுந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கால் அங்குலத் தையலைச் சோதிக்க ஒரு வழி. இரண்டரை அங்குலப் பட்டை மூன்றைப் பக்கம்பக்கமாக இணைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 2 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பது நம் தச்சர் கணக்கு. அந்தக் கணக்கில் தையல் அரை நூல் தள்ளினால், இரண்டு துண்டிலுமாக ஒரு மூட்டுக்கு ஒரு நூல் போகும். வரிசைக்கு ஐந்து மூட்டு, ஐந்து நூல் போச்சு. ஒரு வரிசை அப்படியும் அடுத்தது சரியாகவும் வந்தால் மூலைகள் சேரவே சேராது. சோதனை சரியானதும் மிஷின் தட்டில் பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வையுங்கள். முகாமில் வேறொருவர் மிஷினில் உட்கார்ந்தால் மறுபடி சோதியுங்கள், ஃபுட் அகலம் மிஷினுக்கு மிஷின் மாறும்.

மற்ற சாமான்: தையல் பிரிக்கும் ரிப்பர், துணிக்கென்று தனிக் கத்தரிக்கோல், குண்டூசி, டேப், மாஸ்கிங் டேப், சாக்கட்டி, ஒரு சிறு காந்தம். தண்ணீரில் அழியும் நீல மார்க்கர் வைத்திருப்பவர்கள், அந்தக் கோட்டை அலசாமல் அதன்மேல் இஸ்திரி போட்டால் கோடு நிலைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஊக்கு 110 வேண்டும், நாலு அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கு. பன்னிரண்டு பேருக்கும் ஒருவர் மொத்தமாக வாங்கினால் சிக்கனம்.

ஆளுக்கு ஒரு இஸ்திரிப்பெட்டி வேண்டாம். ஆயிரம் வாட் பெட்டி ஒன்று நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண பிளக் ஆறு ஆம்பியருக்கு உள்ளது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று பெட்டி சொருகினால் ஒன்று ஒயர் உருகும், இல்லையேல் மண்டபமே இருட்டாகும். முகாமுக்கு இரண்டு பெட்டி, இரண்டு தனித்தனி சுவர்ப் பிளக்கில்.

பந்தி மேசை ஆடும், மிஷினை மேசைக்கால் பக்கமாக வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு, தலையணை ஒன்று கொண்டு போனால் தோள் பிழைக்கும். கூடத்து வெளிச்சம் கறுப்புத் துணிக்குப் போதாது, சார்ஜ் விளக்கு ஒன்று. முறுக்கும் சீவலும் வேறு மேசையில். டிகிரி காபிக்கும் அதே சட்டம்.

சனிக்கிழமை காலை எட்டு வரிசையையும் இணையுங்கள். ஒற்றைப்படை வரிசையில் மூட்டு இடப்பக்கமும் இரட்டைப்படையில் வலப்பக்கமும் சாய இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூட்டுகள் ஒன்றுக்கொன்று பிடித்து உட்காரும். மாலைக்குள் மேல்துணி முடிந்துவிடும். ஞாயிறு காலை அடித்துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி மண்டபத் தரையில் விரித்து, டேப்பால் ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. அடித்துணி சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் திரும்பச் சுருங்கி, அடியில் கொசுவம் விழும். ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையுங்கள், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபுட்டின் அழுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள், மேல்துணி முன்னால் தள்ளிப் போகாது. கரையை ஞாயிற்றுக்கிழமையே முடிக்க வேண்டுமென்று ஓடாதீர்கள். முன்பக்கம் மிஷினில் வைத்துக்கொண்டு, பின்பக்கக் கைத்தையலை வீட்டில் சாவகாசமாகப் போடலாம்.

மண்டபத்தைவிட்டுக் கிளம்புமுன் ஊக்கை எண்ணுங்கள். 110 கொண்டுவந்தால் 110 திரும்ப வேண்டும். குண்டூசிக்குக் கணக்கு வைக்க முடியாது, அதற்குத்தான் அந்தக் காந்தம். ஒரு நூலில் கட்டித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடை. ஆவணி பிறந்தால் அதே கூடத்தில் பந்திக்கு வெறுங்காலோடு ஆட்கள் வருவார்கள்.

வணக்கம்.