சும்மா கிடக்கும் புரொசஸை எப்போது கொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே, வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது காலி வீதி. ஜன்னலைச் சாத்தினால் வெக்கையில் எனக்குப் பேச்சே வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சேர்வரில் சும்மா கிடக்கும் புரொசஸ்களை, அதாவது ஓடத் தொடங்கிய நிரல்களை, தானாகவே துப்புரவாக்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். துப்புரவாக்குவது சுலபம். எது சும்மா கிடக்கிறது என்று முடிவு செய்வதில்தான் தலையிடி.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'டப்ளியூ' கட்டளையை அடித்துப் பாருங்கள். ஒருவருடைய பெயருக்கு நேரே, 'ஐடில்' என்ற இடத்தில் மூன்று நாள் என்றிருக்கும். உடனே கை துறுதுறுக்கும். ஆனால் அவர் விசைப்பலகையைத் தொட்டு மூன்று நாள் ஆகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அதே முனையத்தில் அவருடைய பைதன் நிரல் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கலாம். சிபியூவைப் பார்த்து முடிவெடுப்பதும் சரிவராது. தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் புரொசஸும் 'எஸ்' என்று காட்டப்படும் உறக்க நிலையில்தான் இருக்கும். கைவிடப்பட்டதும் அதே 'எஸ்' நிலையில்தான் உறங்கும். பஸ் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு இறங்கிப் போனவரைப்போல நினைவகத்தைப் பிடித்து வைத்திருப்பவைதான் மற்றவர்களை வதைக்கின்றன.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, உரிமையாளர் வெளியேறிவிட்டாரா என்பதை. பயனர்களின் அமர்வுகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டியில் 'கில்யூசர்புரொசசஸ்' என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. அதை 'யெஸ்' ஆக்கினால், அமர்வு முடிந்ததும் அதில் தொடங்கியவை அத்தனையும் முடிக்கப்படும். 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு இதையே இயல்புநிலை ஆக்கியது. வெளியேறினாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸ், ஸ்க்ரீன் என்ற கருவிகளில் அதை ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை அதை மறுபடியும் 'நோ' ஆக்கியது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கரையோர ரயிலில் மடிக்கணினியை விரித்து வேலை செய்கிறவரின் இணைப்பு பம்பலப்பிட்டியில் அறுந்தால், அவர் வேலையை முடித்துவிட்டார் என்றா அர்த்தம்?

இருந்தாலும் நான் 'யெஸ்' பக்கம்தான். நீண்ட வேலை உள்ளவர் கேட்டால், 'லாகின்சிடிஎல்' கட்டளையால் அவருக்கு லிங்கர் அனுமதி, அதாவது வெளியேறிய பின்னும் புரொசஸ்களை ஓடவிடும் அனுமதி, கொடுத்துவிடுவேன். அது மட்டும் போதாது. டிமக்ஸை 'சிஸ்டம்டி-ரன்' மூலம் பயனருக்கான தனி ஸ்கோப்பில், அதாவது அந்த அமர்வுக்கு வெளியே உள்ள புரொசஸ் குழுவில், அவர் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அமர்வோடு சேர்ந்து அதுவும் போகும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷில், நேர வரம்பு வைக்கும் 'டிஎம்அவுட்' மாறியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கட்டளைக்காகக் காத்து நிற்கும் ஷெல்லைத்தான் அது மூடும். விம் என்ற உரைத்திருத்தியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரைத் தொடாது.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், 1000க்குக் கீழ்ப்பட்ட பயனர் எண்களை விட்டுவிடுங்கள். தரவுத்தளம், மெயில் போன்ற சேவைகள் வழக்கமாக அங்கேதான் இருக்கும். முதலில் ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்லும் 'டேர்ம்' சமிக்ஞை, சற்றுப் பொறுத்து அந்த இடத்திலேயே கொல்லும் 'கில்'. எடுத்த எடுப்பில் 9ஆம் எண்ணை, அதாவது அந்தக் 'கில்' சமிக்ஞையை, அனுப்பினால், எந்த நிரலாலும் அதைத் தடுக்க முடியாது. பாதி எழுதிய கோப்பு அப்படியே கிடக்கும். முதல் இரண்டு வாரம் எதையும் கொல்லாமல், கொல்லப்போகிறவற்றின் பட்டியலை மட்டும் லாக்கில் எழுத விடுங்கள். அதில் உங்கள் பேராசிரியரின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கொல்லும் வரியைச் சேருங்கள்.