சாம்பலைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'அமெரிக்க மாநிலங்களில் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி கிடைத்ததால் அதிகம் திண்டாடுவது தொழிலாளியா, முதலாளியா?' என்பது தலைப்பு. தொழிலாளியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "போதையில் ஒருவன் இயந்திரத்தை ஓட்டி விபத்து நடந்தால் பதில் சொல்வதும், காப்பீட்டுச் செலவைச் சுமப்பதும் முதலாளிதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி, பதில் தருகிறேன். அதற்கு முன், கஞ்சா சோதனைக்காகத் தொழிலாளியிடம் கேட்கும் சிறுநீர்க் குப்பியைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒருவருடைய வேலை அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். புகைத்தால் சில மணி நேரத்தில் போதை இறங்கிவிடும். ஆனால் அந்தப் பொருள் கொழுப்பில் கரைவது. உடலில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துதான் வெளியேறும். சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது அப்படிச் சிதைந்து மிஞ்சும் கழிவை. அந்தக் கழிவுக்குப் போதை தரும் சக்தி கிடையாது. எப்போதாவது புகைப்பவரிடம் சில நாள் தெரியும், தினமும் புகைப்பவரிடம் வாரக்கணக்கில் தெரியும். அதே சமயம், இப்போதுதான் புகைத்துவிட்டு வேலைக்குள் நுழைந்தவரின் சிறுநீரில் அது தென்படச் சில மணி நேரம் ஆகலாம்! போன சனிக்கிழமை தன் வீட்டில் புகைத்தவர் மாட்டுகிறார். இன்று போதையில் வந்தவர் தப்பக்கூடும். மதுவுக்கு ஊதச் சொன்னால் அந்த நேரத்து நிலை தெரிகிறது. கஞ்சாவுக்கோ, அடுப்பில் கிடக்கும் சாம்பலைக் காட்டி 'நெருப்பு எரிகிறது' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். கொலராடோ மாநிலம் மருத்துவத்துக்காகக் கஞ்சாவை 2000இல் அனுமதித்தது. அங்கே கை கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர், தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தார். தசைகள் இழுத்துத் துடிக்கும் வேதனைக்காக, மாநில உரிமத்தோடு, வேலை முடிந்து வீட்டில் கஞ்சா எடுத்துக்கொண்டார். 2010இல் திடீர்ப் பரிசோதனை நடந்தது, வேலை போனது. பணியிடத்தில் போதையில் இருந்ததே இல்லை என்று அவர் வழக்குப் போட்டார். வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான செயலுக்காக யாரையும் நீக்கக் கூடாது என்று கொலராடோவில் ஒரு சட்டமே உண்டு. ஆனால் மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் என்ன சொன்னது? சட்டபூர்வம் என்றால் மத்திய அரசின் சட்டப்படியும் இருக்க வேண்டும், அந்தச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்கிறது என்றது. அவர் தோற்றார். மாநிலம் ஒரு கையால் உரிமத்தைக் கொடுத்து, இன்னொரு கையால் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது.

"பிறகு சட்டங்கள் மாறிவிட்டனவே" என்பார்கள். சரி, மாறின. நெவாடாவில் 2020 முதல், வேலைக்குச் சேர வருபவரைக் கஞ்சா சோதனையை மட்டும் காட்டிப் பெரும்பாலான வேலைகளில் நிராகரிக்க முடியாது. கலிபோர்னியாவில் 2024 முதல், போதை தராத அந்தக் கழிவை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் கலிபோர்னியச் சட்டத்தில் கட்டுமானத் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வெயிலில் முதுகு ஒடிய உழைப்பவன்தான் வெளியே நிற்கிறான்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். போதையில் ஒருவர் வண்டி ஓட்டுவதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் எந்த மாநிலச் சட்டமும் அப்படிப்பட்டவரை வேலையில் வைத்துக்கொள் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பணியிடத்தில் கஞ்சாவைத் தடை செய்யும் உரிமை அவரிடம் அப்படியே இருக்கிறது. அமேசான் நிறுவனம் 2021இல், போக்குவரத்துத் துறை விதிகளுக்கு உட்படாத வேலைகளுக்குக் கஞ்சா சோதனையைக் கைவிட்டது. பணியில் போதையில் இருக்கிறாரா என்று பார்ப்பதையும், அசம்பாவிதத்துக்குப் பிறகு சோதிப்பதையும் வைத்துக்கொண்டது. சோதனையை வைக்கலாமா, எடுக்கலாமா என்று முடிவு செய்யும் இடத்தில் முதலாளிகள் இருக்கிறார்கள். குப்பியை நிரப்பித் தரும் தொழிலாளிக்கு அந்த இடமே இல்லை.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒரு லாரி ஓட்டுநர். விபத்தில் அடிபட்ட வலிக்காக 2012இல் ஒரு சி.பி.டி. மருந்து வாங்கினார். சி.பி.டி. என்பது அதே செடியில் இருக்கும், போதை தராத இன்னொரு பொருள். அந்த மருந்தில் டி.எச்.சி. இல்லை என்று விளம்பரம் சொன்னது. நம்பிக் குடித்தார். வழக்கமான சோதனையில் டி.எச்.சி. தெரிந்தது, வேலை போனது. தயாரித்தவர்கள் மீது வழக்குப் போட்டார். மோசடிக் கும்பல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர் இழப்பீடு கேட்டு வழக்கு நடத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஏப்ரலில். கவனியுங்கள், இழப்பீடு கிடைத்துவிடவில்லை, கேட்கலாம் என்ற அனுமதிதான் கிடைத்தது. எதிரணி நண்பர்கள் முதலாளியின் காப்பீட்டுச் செலவைத் தராசில் வைத்தார்கள். நான் இந்த மனிதரின் 13 ஆண்டுகளை வைக்கிறேன். எடை போட்டுச் சொல்லுங்கள். வணக்கம்.