கணினி எந்த இடத்தில் நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய லினக்ஸ் கணினி, காலையில் கறுப்புத் திரையோடு நிற்கிறது. உடனே பக்கத்தில் யாராவது, "ஃபார்மேட் பண்ணி ஓஎஸ் போட்டுடலாம்" என்பார்கள். தயவுசெய்து அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையின் ஐந்து வருஷக் கணக்கு, ஆற்காட்டில் ஒரு டிடிபி கடையின் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. கணினி எழவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவை அப்படியே இருக்கும். ஃபார்மேட் செய்தால்தான் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை.

பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனி லோகோகூட வரவில்லையா? அப்படியானால் லினக்ஸ் மேல் பழி இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றுங்கள். அதன் மஞ்சள் நிற உலோக விளிம்பை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று இரு பக்கமும் பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். நம்மூர் வெயிலும் புழுதியும் சேர்ந்து செய்கிற கோளாறு இது. லோகோ வருகிறது, ஆனால் தேதி பல வருஷம் பின்னால் காட்டுகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையும் மறந்துபோகலாம். பேட்டரியை மாற்றி, பயாஸ் என்கிற மதர்போர்டு அமைப்புத் திரையில் வரிசையைச் சரிசெய்தால் போதும்.

லோகோவைத் தாண்டிய பிறகு வருகிற கோளாறுகளில், நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது அப்டேட் ஓடும்போது கரண்ட் போவது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக இறங்கியிருக்கும். அது எழுவதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு பாதியில் நின்றிருக்கும். திரையில் 'கெர்னல் பேனிக்' என்று வரும், சிஸ்டம் இருக்கிற ரூட் பகுதியை மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, முடியவில்லை என்று சொல்லும். பயமுறுத்துகிற பெயர்தான், ஆனால் வைத்தியம் எளிது. உபுண்டு, மின்ட் வகைகளில் பழைய கெர்னலும் கூடவே இருக்கும். லோகோ மறைகிற நேரத்தில் பழைய கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் உள்ள கணினியில் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். இரண்டு தடவை தட்டினால் மெனுவுக்குப் பதில் 'கிரப்' என்ற வெறும் வரி வந்துவிடும். அங்கே 'நார்மல்' என்று அடித்து என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒரு தடவை தட்டினால் மெனுவுக்குத் திரும்பலாம். மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், எண் குறைவான கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும், கட்டளை அடிக்கிற டெர்மினலில், 'சூடோ டிபிகேஜி' என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறி போட்டு ஒட்டினாற்போல் 'கான்ஃபிகர்' அடித்து, மறுபடி இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறியோடு 'ஏ'. பாதியில் நின்ற வேலையை அது முடித்துவைக்கும். அடுத்து 'சூடோ அப்டேட்-கிரப்'. இவ்வளவுதான்.

இன்னொரு காட்சி. கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரே சொல், பக்கத்தில் கர்சர். பெரும்பாலும், கணினி ஓடும்போது கரண்ட் போய், கோப்புகளை அடுக்கிவைக்கிற ஃபைல் சிஸ்டம் கலைந்திருக்கிறது என்று பொருள். எதையும் அடிப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சாகிற டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டினால் இருப்பதும் போகும். அங்கே முதல் வேலை பிரதி எடுப்பதுதான். சத்தம் இல்லை என்றால், 'எக்ஸிட்' என்று அடியுங்கள். எந்தப் பகுதி கெட்டது என்று அதுவே சொல்லும். எஸ்டிஏ 2 என்பதுபோல வரும். பிறகு 'எஃப்எஸ்சிகே', இடைவெளி, கழித்தல் 'ஒய்', இடைவெளி, சாய்கோடு 'டெவ்' சாய்கோடு, அது சொன்ன பெயர். முடிந்ததும் 'ரீபூட்'. டிஸ்க்கே இல்லை என்று செய்தி வந்தால் கேபினெட்டைத் திறந்து, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறோம், திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகினிலேயே வந்து நிற்கிறது. இது பலரைக் குழப்பும். டிஸ்க் நிரம்பியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஈஎக்ஸ்டி 4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்கிற நிர்வாகிக் கணக்குக்கு என்று ஒதுக்கிவைக்கும். 100 ஜிபி-யில் 5 ஜிபி. அதனால் கணினி லாகின் வரை எழுந்துவிடும். நம் பெயரில் ஒரு சின்னக் கோப்பு எழுதக்கூட இடம் இருக்காது, அதனால் வெளியே தள்ளிவிடும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து, 'டிஎஃப்', இடைவெளி, கழித்தல் 'ஹெச்' அடியுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் 'சூடோ ஆப்ட் க்ளீன்', அதன்பின் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' ஓட்டுங்கள். பெரும்பாலும் சில ஜிபி உடனே கிடைக்கும். டிஸ்க்கில் இடம் இருந்தும் இதே கதை என்றால், நம் வீட்டு ஃபோல்டரில் உள்ள, புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பு ரூட் பெயருக்கு மாறியிருக்கலாம். சூடோ போட்டு அதை அழித்துவிட்டால் புதிதாகத் தானே உருவாகிக்கொள்ளும்.

ஒன்றரை நிமிஷம் 'ஸ்டார்ட் ஜாப்' என்று எண்ணிக்கொண்டே நின்றால், எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிற எஃப்எஸ்டாப் கோப்பில், கழற்றி எடுத்த ஏதோ ஒரு டிஸ்க்கின் வரி இன்னும் இருக்கலாம். அந்த வரியின் முன்னால் ஹேஷ் குறி போடுங்கள்.

இவை எதற்கும் மசியவில்லை என்றால், 8 ஜிபி பென்டிரைவில், இன்ஸ்டால் செய்யாமலே ஓடுகிற லைவ் லினக்ஸ் போட்டு, 'ட்ரை' என்பதைத் தேர்ந்து உள்ளே போங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கையே போகக் கூடாது. டிஸ்க்கைத் திறந்து 'ஹோம்' ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். என்கிரிப்ட் செய்திருந்தால் மட்டும் அதன் பாஸ்வேர்ட் கேட்கும். பிரதியில் நாலு கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் புது ஓஎஸ் பேச்சு.

மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தப் பகுதியில் எப்போது மின்தடை என்று முன்னாலேயே அறிவிக்கிறார்கள். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, உங்கள் பகுதி பெயர் வந்திருக்கிற நாளில் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். யூபிஎஸ் இருந்தாலும் வேண்டாம். பேட்டரி பழசானால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

வணக்கம்.