மீட்கப்பட்ட இகுவானாவுக்கு முதலில் வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். வளர்த்தவர்கள் கைவிட்டதாலோ, விற்பனையாளரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டதாலோ பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லி ஒன்று நம் பொறுப்புக்கு வந்து சேர்ந்தால், அதன் மெலிந்த உடலைக் கண்டதும் வயிறார உணவளிக்கவே மனம் விரும்பும். ஆனால் அதற்கு முதலில் வேண்டியது வெப்பமே. மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்விலங்கு, குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இலைகளை நொதிக்கச் செய்வதால்தான் சத்தைப் பெறுகிறது. உடல் குளிர்ந்திருந்தால் நொதித்தல் தளர்ந்து, உண்டது செரிக்காமல் தங்கிவிடும். ஆகவே அது வெயில் காயும் கிளையில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் ஒதுங்குவதற்கு நிழலும் வேண்டும்.

இத்தகைய இகுவானாக்களிடம் பரவலாகக் காணப்படுவது எலும்பு நலிவு நோய். கீழ்த்தாடை ரப்பரைப் போல் நெகிழும், விரல்கள் துடிக்கும், தொடைகள் வீங்கும்; அந்த வீக்கத்தைக் கொழுப்பு என்று எண்ணி மகிழ்வோரும் உண்டு. வெயிலில் உள்ள புறஊதா பி கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. அது இல்லையேல் உண்ணும் கால்சியம் உடலில் சேராது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயிலால் பயனில்லை. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைப்பதோ உயிருக்கே ஆபத்து. பாதி நிழலிட்ட கம்பிவலைக் கூண்டில் காலை வெயில் காட்டுவதே சிறந்தது. புறஊதா விளக்கைப் பயன்படுத்துவோர், வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதை மாற்ற வேண்டும். முறிவு ஏற்பட்டிருக்கக்கூடும் என்பதால், எக்ஸ்ரே எடுக்கும் வரை தூக்குவதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பார்வைக்கு உடும்பை ஒத்திருப்பதால் சிலர் இதற்கு முட்டையும் இறைச்சியும் கொடுக்கிறார்கள். உடும்பு ஊனுண்ணி; இகுவானாவோ இலையுண்ணி. விலங்குப் புரதம் மிகுந்தால் இதன் சிறுநீரகம் பழுதடையும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் அகத்தி, முருங்கை, மல்பெரி இலைகளும் செம்பருத்திப் பூவும் இதற்கு ஏற்றவை. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துவிடும் என்பதால் அதை நாள்தோறும் கொடுக்கலாகாது.

இதன் தலையுச்சியில் ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண் ஒன்று உண்டு. மேலிருந்து நீளும் கையைப் பருந்தென அஞ்சி வாலால் அடிக்கும் என்பதால், பக்கவாட்டிலிருந்தே அணுகுங்கள். வாலைப் பற்றினால் அது அறுந்துவிடக்கூடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி தொற்றலாம் என்பதால், இதைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

பராமரிக்க இயலாத நிலை வந்தாலும் இதை ஏரிக்கரையிலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். புளோரிடாவில் அவ்வாறு பெருகிய இகுவானாக்கள் இன்று கால்வாய்க் கரைகளைக் குடைந்து அரிக்கின்றன. இந்தியாவில் 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய அயல்நாட்டு விலங்குகளைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆவணமின்றி உங்களிடம் வந்து சேர்ந்த இகுவானாவைப் பற்றி வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள்.